ஆண்டு விழாக்களும் அரிச்சுவடியும்

சமுதாய ஏடுகளைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்குவோர் நம்மில் பலர். திருமண வாழ்த்தும் வஃபாத் செய்தியும் அங்கேதான் இருக்கின்றன. ஊர்ச் செய்திகளும் அங்கேதான். அப்பக்கங்களில் தொடக்கப் பள்ளிகளைப் பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. இன்ன ஊர்ப் பள்ளிக்கு இரண்டாம் மாடி எழுந்தது. அயல்நாடுகளில் பணிபுரியும் சகோதரர்கள் வகுப்பறைக்குத் திறன் பலகை வாங்கி அளித்தனர். ஆண்டு விழாவில் மழலையர் ஆங்கிலத்தில் உரையாற்றி அவையோரை வியப்பில் ஆழ்த்தினர். முத்தவல்லி சாஹிப் பொன்னாடை போர்த்தினார். துஆவுடன் விழா இனிதே நிறைவுற்றது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஒரே குறிப்பு எல்லா ஊர்களுக்கும் பொருந்தும்.

இக்குறிப்புகளை எழுதி அனுப்புவோரை ஏளனம் செய்ய நமக்குத் தகுதி இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாமும் அவற்றை எழுதியிருக்கிறோம். 'அவையோரை வியப்பில் ஆழ்த்தினர்' என்னும் தொடர் நம் பேனாவிலிருந்தும் பலமுறை இறங்கியிருக்கிறது. ஆயினும் அத்தனை குறிப்புகளிலும் ஒரு செய்தியை நாம் ஒருமுறையேனும் எழுதியதில்லை: இப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் இத்தனை பிள்ளைகள் உள்ளனர், அவர்களுள் இத்தனை பேர் தாய்மொழியில் அச்சிட்ட ஒரு பக்கத்தைத் தாமே படித்து, படித்ததற்குப் பொருளும் சொல்வர். எழுதாததற்குக் காரணம் மறதியன்று. அது நமக்குத் தெரியாது. பள்ளியை நடத்துவோருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றியதில்லை. இதையே இக்கட்டுரையில் குற்றமாகச் சாட்டுகிறோம். கூண்டில் முதலில் நிற்பவர் நாமே.

நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். நம்மவர் நடத்தும் ஒரு தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கிராஅத் ஓத அழைக்கப்பட்டுச் சென்றிருந்தோம். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மேடையேறி, மரங்களைக் காப்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு சொல் தடுமாறாமல் பேசினான். மன்றம் கைதட்டிற்று. நாமும் தட்டினோம். விழா முடிந்து பிரியாணிப் பொட்டலம் வழங்கிக்கொண்டிருந்த வேளையில் அவன் நம் பக்கத்தில் வந்து நின்றான். தமிழில் அச்சிட்ட அழைப்பிதழ் நம் கையில் இருந்தது. மகிழ்ச்சியோடு அதை அவனிடம் நீட்டி, "இதுல உம் பேரு எங்கே இருக்கு, காட்டு வாப்பா" என்றோம். அவன் கண்கள் தாளின் மேலும் கீழும் அலைந்தன. பள்ளிக் கட்டடத்தின் படத்தில் போய் நின்றன. அவன் பெயர் மூன்றாம் வரியில் இருந்தது.

சரி, ஆங்கிலப் பிள்ளை ஆயிற்றே என்று அவன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சொற்பொழிவுத் தாளை விரிக்கச் சொன்னோம். கடகடவென்று ஒப்பித்தான், கண்ணோ தாளில் இல்லை. நடுவில் ஒரு சொல்லின் மீது விரலை வைத்து, இது என்ன சொல் என்று கேட்டோம். அவன் முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓடி வந்து அந்த இடத்தை அடைய முயன்றான்; அடைய முடியாமல் தலை கவிழ்ந்தான். அருகில் நின்ற அவனுடைய தாயாரின் முகம் வாடிற்று. "குர்ஆன் நல்லா ஓதுவான், ஹஜ்ரத். நீங்கதானே ஓதிக் கொடுக்கிறீங்க" என்றார்.

அந்தச் சொல்லில் குத்தல் ஏதும் இல்லை, நமக்குத்தான் குத்திற்று. ஆம், அவன் நம் மக்தபில் ஓதும் பிள்ளை. நாள்தோறும் காலையில் நம் முன்னே அமர்கிறான். மூன்று எழுத்து முறைகள் அவன் கையில் இருக்கின்றன. அரபியில் எழுத்தை ஒலியாக்கத் தெரியும், பொருள் தெரியாது. ஆங்கிலத்தில் ஒலி தெரியும். எழுத்தும் தெரியாது, பொருளும் தெரியாது. தாய் பேசும் தமிழில் பொருள் முழுவதும் தெரியும்; எழுத்து மட்டும் தெரியாது. எந்த ஒரு மொழியிலேனும் எழுத்தும் ஒலியும் பொருளும் அவன் உள்ளத்தில் ஒன்றுகூடியதே இல்லை. அவை ஒன்றுகூடுவதற்குத்தான் படிப்பு என்று பெயர்.

திருமறையைப் பொருள் அறியாமல் ஓதுவதைப் பழிக்கிறோம் என்று எவரும் அவசரப்பட வேண்டாம். திலாவத் ஒரு வணக்கம். அதற்குரிய நன்மை அதற்கு உண்டு. முப்பது ஆண்டுகளாக அதையே தொழிலாகக் கொண்ட நாம் அதைக் குறைத்துப் பேசுவோமா? ஆனால், ஓதுவது வேறு, பாடம் படிப்பது வேறு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்? காலையில் நம்மிடம் பொருள் இன்றி ஒலிக்கிறான். பகலில் பள்ளியிலும் பொருள் இன்றி ஒலிக்கிறான். மாலையில் தனிப்பயிற்சிக்குச் சென்று அங்கும் அவ்வாறே ஒலிக்கிறான். எட்டு வயதில் அவன் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறான்: புத்தகம் என்பது சத்தமிடுவதற்கு உரியது. இந்த முடிவை அவன் பத்தாம் வகுப்பு வரை சுமந்து செல்கிறான். பின்னர் நாம் கூடி, நம் பிள்ளைகள் மேற்படிப்பில் ஏன் பின்தங்குகிறார்கள் என்று மாநாடு நடத்துகிறோம்.

நம் முன்னோர் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. அரபுத் தமிழை எண்ணிப் பாருங்கள். அரபி எழுத்தில் தமிழை எழுதும் அவ்வழக்கைப் பழங்காலப் பொருளாகக் கருதி இன்று ஆய்வரங்குகளில் கட்டுரை வாசிக்கிறோமே, அது உண்மையில் ஒரு கல்வித் திட்டம். பள்ளிக்கூட வாசலை மிதியாத பெண்மக்கள் மக்தபில் அரபி எழுத்துகளைக் கற்றிருந்தனர். தமிழ் அவர்களுடைய தாய்மொழி. தெரிந்த எழுத்தையும் புரிந்த மொழியையும் சேர்த்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்று கண்டுகொண்ட ஆலிம்கள் அவ்வெழுத்தில் மார்க்க நூல்களையும் மாலைகளையும் எழுதிக் கொடுத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர் அரபுத் தமிழில் எழுதியது தமக்கு நல்ல தமிழ் எழுத்து வராது என்பதற்காகவா? அடுப்படியில் இருந்த பெண்ணுக்கும் பொருளோடு படிக்கும் பேறு கிட்ட வேண்டும் என்பதற்காக அன்றோ! நம் பாட்டிமார் படித்தார்கள். படித்துப் பொருள் சொன்னார்கள். பொருள் பிழைத்தால் பேரனைத் திருத்தவும் செய்தார்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரன் திறன் பலகைக்கு எதிரே அமர்ந்து தன் பெயரைத் தேடுகிறான்.

பதினொரு ஆண்டுகள் மத்ரஸாவில் பயின்றவர் என்ற முறையில் சீரா நூல்களிலிருந்து ஒரு நிகழ்ச்சியை இங்கே நினைவூட்டுகிறோம். பத்ருப் போரில் சிறைப்பட்ட குறைஷியருள் பொருள் வசதி படைத்தோர் ஈட்டுத்தொகை செலுத்தி விடுதலை பெற்றனர். பொருள் இல்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேறொரு வழியை வகுத்தார்கள்: ஒவ்வொருவரும் மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பிக்க வேண்டும். இந்நிகழ்ச்சியை மீலாது மேடைகளில் கேளாதவர் எவர்? எதிரியிடமிருந்தும் கல்வியைப் பெற்றுக்கொண்ட பெருந்தன்மை என்று பேச்சாளர் முழங்குவார். நாம் தக்பீர் முழங்குவோம். ஆயின் இப்னு ஸஅத் தம் தபகாத் நூலில் இச்செய்தியைப் பதிவு செய்யும் முறையில் ஒரு சொல் இருக்கிறது. அதை மேடைகள் விட்டுவிடுகின்றன. பிள்ளைகள் எப்போது 'ஹதகூ' என்னும் நிலையை அடைகிறார்களோ, அதுவே அக்கைதியின் ஈடு. ஹதக என்றால் ஒன்றில் தேர்ச்சி பெற்றான், கைவரப் பெற்றான் என்பது பொருள்.

கூர்ந்து நோக்குங்கள். கைதி இத்தனை நாள் பாடம் நடத்தினால் விடுதலை என்று அங்கே இல்லை. இத்தனை பாடங்களை முடித்தால் விடுதலை என்றும் இல்லை. கூடாரம் எத்தகையது, பலகை எத்தகையது என்ற பேச்சே இல்லை. பத்துப் பிள்ளைகளின் கையில் எழுத்து வந்ததா? வந்தால் நீ போகலாம். வராவிட்டால் மேலும் கற்பி. அன்சாரிகளின் எழுத்தராய், வஹியை எழுதும் பெரும்பணியையும் ஏற்ற ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களும் இவ்வாறு கற்ற பிள்ளைகளுள் ஒருவர் என்னும் அறிவிப்பு உண்டு. கற்பித்தலின் அளவுகோலை ஆசிரியரிடமிருந்து எடுத்து மாணவன் கையில் வைத்த சமுதாயம் நம்முடையது. இன்று நம் பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியரை, ஒரே ஒரு தாளாளரை இந்த நிபந்தனையில் நிறுத்திப் பாருங்கள். எத்தனை பேருக்கு விடுதலை கிடைக்கும்?

இனி, நம்மை மறுப்போர் சொல்லும் வாதங்களுக்கு வருவோம்.

பள்ளி நிர்வாகிகள் முதலில் சொல்வது: "பெற்றோர் கேட்பது ஆங்கிலம். தமிழ், தமிழ் என்று நாங்கள் சொன்னால் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்." இவ்வாதம் பொய்யன்று. வளைகுடாவில் வெயிலில் உழைக்கும் தந்தை, தன் மகன் தன்னைப் போல் படிவம் நிரப்பப் பிறர் கையை எதிர்பார்க்கலாகாது என்று எண்ணுகிறார். அதற்கு ஆங்கிலமே மருந்து என்று நம்புகிறார். அந்த ஏக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அவருக்கு விற்கப்படுவது ஆங்கிலம் அன்று; ஆங்கிலத்தின் ஓசை. புரிந்த மொழியில் ஒரு பத்தியைப் படித்து அதில் உள்ளதைத் திருப்பிச் சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் புரியாத மொழியில் அது எங்ஙனம் வரும்? ஒரு மொழியில் படிக்கக் கற்றவன் மறு மொழிக்கு எழுத்துகளை மட்டும் புதிதாகக் கற்றால் போதும். படிப்பது எப்படி என்பதை மறுபடியும் கற்க வேண்டியதில்லை. ஒரு மொழியிலும் கற்காதவனுக்கு இரண்டும் சுமை. (வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து உருது பேசும் குடும்பங்கள் இவ்விடத்தில் தமிழுக்குப் பதிலாக உருது என்று படித்துக்கொள்க. நம் சண்டை எந்த மொழி என்பது பற்றியதன்று. வீட்டு மொழி எது என்பது பற்றியது.)

அடுத்து, நம் ஆலிம் பெருமக்களுள் சிலர். "மக்தபின் வேலை குர்ஆனும் தொழுகையும். தமிழ் எழுத்துக் கற்பிப்பது பள்ளிக்கூடத்தாரின் பாடு." இவர்களுக்கு நாம் இப்னு கல்தூனை முன்வைக்கிறோம். அவர் தம் முகத்திமாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறைகள் நாட்டுக்கு நாடு எவ்வாறு வேறுபட்டன என்று தனியே ஒரு பிரிவு வகுத்துள்ளார். மக்ரிப் நாட்டார் குர்ஆனை மட்டுமே கற்பித்தனர், வேறெதையும் கலக்கவில்லை. அன்தலூஸியர் குர்ஆனை அடிப்படையாக வைத்து, அதனுடன் கவிதை, உரைநடை, மொழி இலக்கணம், எழுத்துக் கலை ஆகியவற்றையும் சேர்த்தனர். முன்னவரின் பிள்ளைகளுக்கு மொழியாற்றல் குன்றிற்று என்றும், பின்னவருக்கு அது சிறந்தது என்றும் அவர் தயங்காமல் எழுதுகிறார். காளி அபூபக்ர் இப்னுல் அரபி (கி.பி. 1148இல் மறைந்தவர்) இன்னும் ஒரு படி மேலே சென்றார். முதலில் மொழியும் கவிதையும், பிறகு கணக்கு, அதன் பிறகே குர்ஆன் என்று திட்டம் சொன்னார். விளங்காத நூலோடு சிறுவனைத் தொடங்க வைப்பதை எண்ணி வருந்தினார். இப்னு கல்தூன் அத்திட்டத்தை நல்ல திட்டம் என்று ஒப்புக்கொண்டு, வழக்கம் அதற்கு இடம் தராது என்று முடித்தார். பிள்ளை வளர்ந்து கையை மீறிவிட்டால் குர்ஆன் கல்வியே தவறிவிடக்கூடும் என்பது அவ்வழக்கத்தின் அச்சம்.

இந்த வழக்கில் நாம் வழக்கத்தின் பக்கமே நிற்கிறோம். அலிஃபும் பேயும் முதலில் வருவதில் நமக்கு உடன்பாடே. நாம் மறுப்பது மக்ரிப் முறையை மட்டும். ஒரு ஆலிம், குர்ஆனை ஓதிக்கொடுத்த வாயால் தமிழ் எழுத்தையும் சொல்லிக் கொடுத்தால் அவருடைய தலைப்பாகை அவிழ்ந்துவிடாது.

சொல்லப்போனால் தொடக்கக் கல்விக்கு வேண்டிய சிறந்த முறை ஒன்று மக்தபில்தான் இருக்கிறது. நாம்தான் அதன் அருமையை உணரவில்லை. மக்தபில் ஐம்பது பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே உஸ்தாதின் முன் வந்து அன்றைய சபக்கை ஒப்பிக்க வேண்டும். பிழையின்றி ஓதினால் அடுத்த வரிக்கு அடையாளம் வைத்துத் தருவோம். பிழைத்தால் அதே வரிதான் நாளைக்கும். ஒருவன் யாஸீனில் இருப்பான். அவன் வயதொத்த மற்றொருவன் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான். அதனால் எவனுக்கும் இழிவில்லை. பள்ளிக்கூடத்திலோ எல்லாருக்கும் ஒரே நாளில் பக்கம் புரள்கிறது. பின்வரிசைப் பிள்ளை முதல் பாடத்தில் நின்றுவிட்டதை இருபதாம் பாடம் முடிந்த பின்னும் ஆசிரியர் அறியார். ஏனெனில் அவன் குரலைத் தனியே கேட்ட நாள் ஒன்றுகூட இல்லை. கூட்டத்தோடு வாயசைத்தே ஐந்தாண்டுகளைக் கடந்துவிடுகிறான்.

மக்தபில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிரம்பை நாம் வெகுகாலம் கைவிடவில்லை. கடுமை காட்டி வளர்க்கப்படும் பிள்ளை பொய்யும் சோம்பலும் பழகுவான் என்று அதே இப்னு கல்தூன் எச்சரித்திருக்கிறார். அதைப் பாடமாகப் படித்த பிறகும் பிரம்போடு அமர்ந்திருந்தோம். அந்தக் கணக்கு நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது.

மூன்றாவதாக, "இது நம் பள்ளிகளின் குறை மட்டுமா? நாடு முழுவதும் இப்படித்தான்" என்பார் சிலர். மெய்தான். பிரதம் அமைப்பு ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று எடுக்கும் 'அசர்' ஆய்வு பலருக்கும் தெரிந்தது. (தடம், தாக்கம் என்னும் பொருளுடைய அரபிச் சொல்தான் அப்பெயருக்குள்ளும் இருக்கிறது.) அவர்கள் செய்வது மிக எளிது: ஒரு தாள், அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறுகதை. பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திப் படிக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தோர் இந்திய ஊரகம் முழுவதிலும் 2018இல் 100க்கு 27.3 பேர், 2022இல் 20.5 பேர், 2024இல் 27.1 பேர். தமிழ்நாட்டின் நிலை இந்தச் சராசரியினும் கீழே. அவ்வாய்வின் முறை பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு; அவற்றை அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். இடையில் பெருந்தொற்று வேறு குறுக்கிட்டது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை வகுப்பறையைப் பாராமலே இரண்டாம் வகுப்புக்குப் போயிற்று.

நாடெங்கும் காய்ச்சல் என்பதற்காக நம் வீட்டுப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பாராமல் இருப்போமா?

அரசுப் பள்ளியைக் கண்டால் நம் செல்வர்களுக்கு ஓர் இளக்காரம். ஆனால் நடந்ததைப் பாருங்கள். பிள்ளைகள் இழந்ததை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தெருத் திண்ணைகளில் பிள்ளைகளைக் கூட்டினர். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. வகுப்பைப் பாராமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. நம் மக்தபில் ஒருவன் யாஸீனிலும் ஒருவன் அலிஃபிலும் இருப்பது போன்றதுதான். 2025க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் பொருளறிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கும் அறிய வேண்டும் என்பது அவர்கள் அறிவித்த இலக்கு. ஆசிரியர்களுக்குப் பதிவேட்டு வேலை பெருகிவிட்டது என்னும் முறையீடும் எழாமல் இல்லை. இலக்கு எட்டப்பட்டதா என்று எவரும் கேட்கலாம், நாமும் கேட்கிறோம். கேட்பதற்கு அங்கே ஓர் இலக்காவது இருக்கிறது. நம் நிறுவனங்களுள் ஒன்றேனும் இத்தகைய ஓர் இலக்கை எழுத்தில் வைத்து ஊரறியச் சொன்னதுண்டா?

கேட்பாரும் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்து, அதில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. அச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்னும் ஐயம் 2025இல் அதே நீதிமன்றத்தில் எழுப்பப்பட்டு, பெரிய அமர்வின் பார்வைக்குச் சென்றது. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு நமக்குத் தந்துள்ள உரிமை பெரும் உரிமை; அதில் ஓர் அணுவையும் விட்டுக்கொடுக்க நாம் சொல்லவில்லை. ஆனால், நம் பள்ளியை நாமே நடத்தும் உரிமை என்பது பிள்ளையின் தாய் கேள்வி கேளாதிருக்கும் உரிமை ஆகிவிட்டதே! சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன? ஆறு தாய்மாரை அழைத்து நிர்வாகக் குழுவில் அமர்த்துவதை எந்த நீதிமன்றம் தடுத்தது? நம் பள்ளிகளின் நிர்வாகக் குழுப் படங்களைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளும் கல்லூரிக்குப் போய்விட்ட வயதில் பதினொரு பெரியவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள்.

ஆசிரியைகளை நாம் குறை கூறமாட்டோம். நம்மவர் பள்ளிகளில் அவர்கள் வாங்கும் ஊதியத்தை இங்கே எழுதினால் ஏட்டுக்கே வெட்கம். மாடி கட்ட இலட்சங்களை அள்ளித் தரும் கொடையாளர், பெயர்க் கல்வெட்டு பதிக்க முடியாத செலவு என்பதால் ஆசிரியையின் ஊதியத்துக்குத் தருவதில்லை. கல்லில் பெயர் பொறிப்பதைவிடப் பிள்ளையின் நாவில் எழுத்தைப் பொறிப்பது ஸதகத்துல் ஜாரியா ஆகாது என்று எந்த ஃபத்வா சொல்லிற்று?

அந்த ஆண்டு விழாவுக்குப் பின் நாம் செய்ததைச் சொல்கிறோம். பெருமைக்காக அன்று, இது செலவில்லாத வேலை என்று காட்டுவதற்காக. நம் மக்தபில் மூன்றாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகள் 23 பேர். ஒவ்வொருவரையும் அஸருக்குப் பின் தனியே அழைத்து, சிறுவர் கதை ஒன்றின் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னோம். ஆறு நாட்கள் ஆயின. படித்துப் பொருள் சொன்னோர் 9 பேர். அவர்களுள் ஐவர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்பதை முத்தவல்லியிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

எஞ்சிய 14 பேருக்கும் நமக்குத் தெரிந்த வழியிலேயே தொடங்கினோம். பே ஜபர் ப, பே ஜேர் பி, பே பேஷ் பு என்று அவர்கள் நாள்தோறும் சொல்பவர்கள். எழுத்து நிற்க, குறி மாற ஒலி மாறும் என்னும் கமுக்கம் அவர்களுக்கு முன்பே தெரியும். அதே பலகையில் பக்கத்தில் ப, பி, பு என்று எழுதினோம். ஒரு சிறுமி சிறிது நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஹஜ்ரத், இதுவும் அதேதானா?" என்றாள். அதேதான். 247 எழுத்துகள் என்று சொல்லி நாம் பிள்ளைகளை அச்சுறுத்திவிட்டோம். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் சில குறிகளும் அறிந்தால் மற்றவை தாமே வரும். நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். மேல்வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைகள் இருவர் உதவிக்கு வந்தனர். சபக் முறைதான்; பிழைத்தால் அதே வரி நாளைக்கும். மேடையில் பேசிய அந்தச் சிறுவன் ஏழாம் வாரத்தில் தன் பெயரையும் தன் தகப்பனார் பெயரையும் எழுதிக்கொண்டு வந்து காட்டினான். தகப்பனாருக்கு எழுதும் கடிதம் இன்னும் முடியவில்லை. 'ழ'கரம் அவனை வாட்டுகிறது.

இவ்வேட்டின் ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். ஊர்ச் செய்திப் பக்கத்தில் பள்ளிக் குறிப்பு அனுப்புவோரிடம் ஒரு வரியைக் கட்டாயமாகக் கேட்டு வாங்குங்கள்: மூன்றாம் வகுப்பில் இத்தனை பேர், தாமே படித்துப் பொருள் சொல்வோர் இத்தனை பேர். பிள்ளைகளின் பெயர் வேண்டாம்; எண் போதும். அந்த வரி இல்லாத குறிப்புக்கு இடம் இல்லை என்று அறிவித்துவிடுங்கள். சில மாதங்கள் அப்பக்கம் வெறிச்சோடிக் கிடக்கலாம். சந்தாதாரர் சிலர் கோபிக்கலாம். நம் மக்தபின் இரண்டாம் கணக்கை ரஜப் பிறையில் எடுத்து அனுப்பிவைக்கிறோம். எண் குறைவாக இருந்தாலும் அதைத் திருத்தாமல் அச்சிடுங்கள்.